பில் இல்லாத பதினாலாயிரம்: ஒரு மெஸ் செயலரும் அவருக்குத் துணைநின்ற சங்கமும்

இது தமிழ்நாட்டின் மத்திய மாவட்டம் ஒன்றில், ஒரு பொறியியல் கல்லூரி ஆண்கள் விடுதியில் 2019 ஜனவரி முதல் ஜூலை வரை நடந்தது. அப்போது நான் மூன்றாம் ஆண்டு மாணவன், விடுதிப் பிரதிநிதிகள் சங்கத்தின் செயலாளர். சம்பந்தப்பட்ட மெஸ் செயலரிடம் இந்தக் குறிப்பைப் படிக்கக் கொடுத்து, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். இரண்டு இடங்களில் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

ஆண்களுக்கு நான்கு பிளாக், பெண்களுக்கு ஒரு விடுதி, ஒவ்வொன்றுக்கும் தனி மெஸ். ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் ஒரு மாணவர் செயலர், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பிரதிநிதி. மொத்தம் 22 பேர். இந்த 22 பேருக்கும் துணையாக இருக்கத்தான் எங்கள் சங்கம். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் சீனியர்கள் சிலர் ஆரம்பித்தது.

அதை ஆரம்பித்த அண்ணன் ஒருவர் அமெரிக்க விடுதிகளைப் பற்றி நிறையப் படித்தவர். அங்கே 1954-இல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விடுதி மாணவர்கள் கூடித் தொடங்கிய ஓர் அமைப்பு இன்று எட்டு மண்டலங்களாகப் பிரிந்து, மாணவர்களே நடத்தும் தேசியச் சங்கமாக இருப்பதை அடிக்கடி சொல்வார். நம்மிடம் இருந்தது ஒரு மர பெஞ்ச், ஒரு மினிட்ஸ் நோட்டு, வாரம் ஒரு கூட்டம். ஜூன் மாதம் புதிதாக வரும் பிரதிநிதிக்குப் பழையவர் ஒரு நாள் வேலை சொல்லிக் கொடுப்பார். வருடக் கடைசியில் ஒரு சான்றிதழ். அவ்வளவுதான்.

அலுவலகக் காகிதத்தில் நாங்கள் ‘மன்றம்’. எங்களுக்குள் ‘சங்கம்’. சங்கம் என்றால் நிர்வாகத்துக்கு ஸ்டிரைக் ஞாபகம் வரும். சீனியர்கள் கூடினாலே ராகிங் ஞாபகம் வரும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடை விதிமுறைகள் வந்தன. அதற்கப்புறம் விடுதியில் சீனியர்கள் எதற்காகக் கூடினாலும் முன்கூட்டியே காரணம் சொல்லியாக வேண்டும்.

அப்போது பிரதிநிதிகளை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. துணை வார்டன் நியமிப்பார். நல்ல மதிப்பெண், வருகைப்பதிவு, அடாவடி இல்லாத சுபாவம், இவைதான் தகுதி. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுப் பரிந்துரைகள் மாணவர் அமைப்புகளுக்குத் தேர்தலைத்தான் இயல்பான வழியாகச் சொல்கின்றன. நியமனம் என்பது சூழல் சரியில்லாத இடத்துக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு. எங்கள் விடுதியில் அந்த இடைக்காலம் முடிந்ததே இல்லை. இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் வந்த கூச்சலில் மிகச் சத்தமாகக் கேட்ட கேள்வி ‘உன்னை யாரு போட்டது?’ என்பதுதான்.

டிவைடிங் சிஸ்டம்

கணக்கு தெரிந்தால்தான் மீதி புரியும். ஒரு மாதத்து மெஸ் செலவு முழுவதையும் கூட்டி, அந்த மாதம் மாணவர்கள் மெஸ்ஸில் இருந்த மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். வருவது ஒரு நாள் ரேட். ஒருவர் எத்தனை நாள் இருந்தாரோ அத்தனை மடங்கு அவருடைய பில். ஊருக்குப் போகிறவர் மூன்று நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்தால் ரிடக்‌ஷன் கிடைக்கும்.

மூன்றாம் பிளாக் மெஸ்ஸில் 400 பேர். 2018 செப்டம்பரில் எல்லோருடைய நாட்களையும் கூட்டினால் 10,800, செலவு 9,93,600 ரூபாய், ரேட் 92. சராசரியாக ஒருவர் 27 நாள் இருந்தார், 2,484 ரூபாய் கட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்பதைத் தவிர.

இந்த மெஸ்ஸின் செயலர் இரண்டாம் ஆண்டு மாணவர். அதிகம் பேச மாட்டார். கையெழுத்து அழகாக இருக்கும். விவசாயக் குடும்பம், அப்பா இல்லை, வேலைக்குப் போகும் அக்காதான் படிக்க வைத்தார். நான் பார்த்த செயலர்களில் காலையில் பால் வண்டி வரும்போது தானே எழுந்து வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

ஜனவரி

அந்த மாதம் நான்கு விஷயங்கள் நடந்தன. நடக்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

விடுதி ஸ்டோர் கீப்பர் டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. மாதக் கடைசியில் ஸ்டோரில் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, அதன் மதிப்பைச் செலவிலிருந்து கழிப்பது அவர் செய்துவந்த வேலை. அது அவருடைய வேலை என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

மளிகைக்காரர் அடுத்த மாதம் விலை ஏறும் என்றார். பழைய விலையிலேயே மொத்தமாக எடுத்துப் போடலாம் என்று முடிவாகி, 25 கிலோ அரிசி மூட்டை 60, துவரம்பருப்பு 600 கிலோ, எண்ணெய் 36 டின் இறங்கின. 1,68,000 ரூபாய். துணை வார்டன் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியது. முடிவில் தப்பில்லை. ஆனால் சரக்கு வந்தது ஜனவரி 29. அதாவது முக்கால்வாசி என்றுகூடச் சொல்ல முடியாது, முழுதும் பிப்ரவரியில் சாப்பிடப்போகும் சாப்பாடு.

பொங்கலுக்கு 9 நாள் விடுமுறை. 380 பேர் ஊருக்குப் போனார்கள். மாதத்தின் மொத்த நாட்கள் 8,400 ஆகச் சுருங்கின. சமையல்காரர்கள், உதவியாளர்கள் சம்பளம் 1,26,000 மட்டும் சுருங்கவில்லை.

நான்காவது, பொங்கலை ஒட்டிய வாரத்தில் வழக்கமாகக் காய்கறி போடுகிறவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். செயலர் சமையல் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போய் மண்டியில் ரொக்கம் கொடுத்து வாங்கினார். நான்கு தடவை. மொத்தம் 14,000 ரூபாய். மண்டியில் பில் என்பது உள்ளங்கை அளவு துண்டுச் சீட்டு. ஈரக் கீரைக் கட்டோடு சாக்கில் வந்தது. மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது கூழாகியிருந்தது.

இதற்கு நடுவே 28,000 ரூபாயில் ஒரு பொங்கல் விருந்தும் போட்டார்கள். அதை எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பில் ஒட்டிய இரவு

பிப்ரவரி 6, புதன்கிழமை. நோட்டீஸ் போர்டில் ரேட் 120 என்று ஒட்டப்பட்டது. சராசரி மாணவர் 21 நாள் சாப்பிட்டிருந்தார். பில் 2,520. பத்து நாள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குச் செப்டம்பரைவிட 36 ரூபாய் அதிகம். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நோட்டீஸில் ஒரே ஒரு வரி. மொத்தச் செலவு 10,08,000, மொத்த நாள் 8,400, ரேட் 120. பிரித்துக் காட்டும் வழக்கமே இல்லை.

ஒன்பது மணிக்குள் வாட்ஸாப் குழுவில் ‘பொங்கல் போனஸ்’ என்று ஒரு படம் வந்தது. செயலர் புது போன் பேசிக்கொண்டிருக்கிற படம். அந்த போன் அக்கா வாங்கிக் கொடுத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பத்தரை மணிக்கு மார்க்கெட் விஷயம் வெளியே வந்தது. மாஸ்டரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், ‘பில்லெல்லாம் தம்பிகிட்டதான் இருக்கும்’ என்று அவர் சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்கு 14,000 என்ற எண் எல்லோர் வாயிலும் இருந்தது. 1,68,000 பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் முதல் முடிவு

மறுநாள் இரவு சங்கம் கூடியது. செயலரும் வந்திருந்தார், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசச் சொல்லவில்லை. அதற்குள் எங்களுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பிரதிநிதியைத் தாங்குவதற்குத்தானே சங்கம்? இப்போது தாங்காவிட்டால் எப்போது?

‘எங்கள் பிரதிநிதி மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. அவதூறு பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்க நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று ஓர் அறிக்கை எழுதினோம். எழுதியது நான். 22 பேரில் 19 பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாத மூன்று பேர் மீது எனக்கு அன்றைக்குக் கோபம். அதில் ஒருவர் பெண்கள் விடுதியின் மெஸ் செயலர், இறுதியாண்டு படித்த அக்கா. ‘கணக்கைப் பார்த்தீங்களா?’ என்று மட்டும் கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் அக்கா என்றேன்.

ஏன் அப்படிச் செய்தோம் என்பதற்கு நேர்மையாகச் சொன்னால் இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் எடுத்திருக்க மாட்டார் என்று உண்மையிலேயே நம்பினோம். இரண்டாவது, இன்றைக்கு அவர் என்றால் நாளைக்கு நம்மில் யாரோ. முதல் காரணத்தை அறிக்கையில் எழுதினோம். இரண்டாவதுதான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் பிளாக் மெஸ்ஸில் இருநூறு பேருக்கு மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்கள். அண்டா நிறைய இட்லி மிஞ்சியது. முந்தின நாள்வரை ஒருவர் மீது இருந்த சந்தேகம் அன்றைக்கு 19 பேர் மீது வந்திருந்தது. அறிக்கையைப் படம் எடுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பங்குத் தொகை எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். என் பெயருக்கு நேரே 2,000. கூட்டல் சரியாக 14,000 வந்தது. அந்த அளவுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் அந்த மெஸ்ஸில் இருந்தார்கள் என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

வசூல் யோசனை

வெள்ளி மாலை ஒரு யோசனை வந்தது. ஆளுக்கு 700 ரூபாய் போட்டால் 20 பேருக்கு 14,000. மெஸ் கணக்கில் கட்டிவிடலாம், பிரச்சினை முடிந்தது. பாதிப் பேர் பர்ஸைக்கூட எடுத்துவிட்டார்கள். நானும்தான்.

அந்த அக்கா எழுந்து நின்றே பேசினார். “பணத்தைக் கட்டிட்டா எடுத்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? அவன் படிச்சு முடிச்சுப் போற வரைக்கும் அந்தப் பேரோடதான் இருக்கணும். நீங்க கட்டறது அவனுக்காகவா, இந்தக் கூட்டம் சீக்கிரம் முடியணும்னா?”

யாரும் பதில் சொல்லவில்லை. பர்ஸ்கள் உள்ளே போயின. கணக்கை எல்லோர் முன்னிலையிலும் பார்ப்பது என்று அங்கேதான் முடிவானது. இந்த நிகழ்வில் நாங்கள் எடுத்த சரியான முடிவு என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் எங்களுடைய யோசனை இல்லை.

அவர்

சனிக்கிழமை மதியம் செயலரின் அறைத்தோழர் என்னிடம் வந்தார். மூன்று நாளாக மெஸ் பக்கமே வரவில்லை, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பன் தின்றுகொண்டிருக்கிறார், லேபுக்குப் போகவில்லை, ராத்திரி தூங்கவில்லை என்றார். அப்புறம் தயங்கி, “எங்கயாவது போயிடலாம் போல இருக்குன்னு சொல்றான் அண்ணா” என்றார்.

இங்கே மினிட்ஸ் நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி மாலைக் கூட்டத்துக் குறிப்பில் ‘மூன்றாம் பிளாக் மெஸ் செயலர் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறோம். வராதவர் பட்டியலில், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாடிப் பிரதிநிதியின் பெயருக்குக் கீழே. ஏன் வரவில்லை என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அவரைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் ஊகித்துக்கொண்டு நிற்கவில்லை. உடனே விடுதியில் தங்கியிருந்த டியூட்டர் சாரிடம் சொன்னோம். அவர் வந்து அறையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று. அப்படிக் கேட்கலாமா என்று எனக்குப் பதறியது. கேட்டதும்தான் செயலர் அழுதார். சாகத் தோன்றவில்லை, படிப்பை விட்டுவிட்டு ஓடத் தோன்றுகிறது என்றார். அன்று இரவு அறைத்தோழரும் டியூட்டரும் அவரைத் தனியாக விடவில்லை. வீட்டுக்குச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டோம். தன் அக்காவிடம் அவரே பேசினார். இன்றைக்கு என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் வந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கல்லூரி ஆலோசகர் இருந்தார், வியாழக்கிழமை மட்டும் வருவார். அன்று சனிக்கிழமை.

ஞாயிறு காலை அவருடைய அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு தூக்கு. விடுதி வாசலில் அவர் முதலில் கேட்டது, “எவ்வளவு பணம் தம்பி? நான் கட்டிடறேன்.” கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

ஐந்து நாள் ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் நான் செயலரிடம் சொன்னேன்: “நீ ஒண்ணும் பேசாதே. யாருக்கும் பதில் சொல்லாதே. நாங்க பாத்துக்கறோம்.” அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் வந்துவிட்டது.

கரும்பலகைக் கணக்கு

அதே ஞாயிறு, பிப்ரவரி 10, மதிய சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் ஹாலில் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து வைத்தோம். துணை வார்டனிடம் அனுமதி வாங்கியிருந்தோம். முதலில் மறுத்தார், மளிகை ஆர்டரில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது என்று நினைவுபடுத்தியதும் சரி என்றார். கணக்குப் பார்க்க ஐந்து பேர். சங்கத்திலிருந்து இரண்டு பேர், வாட்ஸாப்பில் அதிகம் கத்தியவர்களில் இரண்டு பேர், பெண்கள் விடுதி மெஸ் செயலரான அந்த அக்கா. பங்குத் தொகை எழுதிய அந்தக் கணக்குப் புலியைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தோம். ஹாலில் சுமார் நூறு பேர் நின்றார்கள்.

ஸ்டோரைத் திறந்து மூட்டைகளை எண்ணினார்கள். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து சமையலுக்கு எடுத்ததை மாஸ்டரின் நோட்டிலிருந்து கூட்டினார்கள். இரண்டும் சேர்ந்து 29-ஆம் தேதி வந்த சரக்கோடு பொருந்தியது. அந்த 1,68,000 ஜனவரிச் செலவே இல்லை என்று போர்டில் எழுதிய கை, நான்கு நாளைக்கு முன் போனஸ் படம் போட்ட கை.

கழித்தால் 8,40,000. வகுத்தால் நாளைக்கு 100 ரூபாய்.

120 எப்படி வந்தது என்பது பலகையில் ஒவ்வொன்றாக இறங்கியது. ஏறிய 28 ரூபாயில் 20 ரூபாய் கழிக்காமல் விட்ட சரக்கு. மூன்று ரூபாய்ச் சொச்சம், நாட்கள் குறைந்ததால் ஒவ்வொரு நாளின் தலையிலும் கூடிப்போன சம்பளம். இன்னொரு மூன்று ரூபாய்ச் சொச்சம் விருந்து. எல்லோரும் பேசிய அந்தப் பதினாலாயிரம், நாளைக்கு ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு. ஹால் அமைதியாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், “அப்ப அந்தப் பதினாலாயிரம்?” என்றார். கேட்டது நியாயம்தான்.

மறுநாள் விடியற்காலை மாஸ்டரோடு இரண்டு பேர் மண்டிக்குப் போனார்கள். ஒரு மண்டிக்காரர் கார்பன் நகல் வைத்திருந்தார். அதில் 9,200 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். மற்ற இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. ரசீது இல்லாதது 4,800 ரூபாய், அதாவது ஒரு மாணவருக்கு அந்த மாதம் முழுவதற்கும் 12 ரூபாய். இதை மறைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். திருத்திய பில்லில் ‘ரசீது இல்லாத காய்கறிச் செலவு: 4,800’ என்று தனி வரியாகவே ஒட்டினோம்.

சராசரி மாணவருக்கு 420 ரூபாய் குறைந்தது. அது மிச்சமான பணம் இல்லை, சரக்கின் செலவு பிப்ரவரிக்குப் போனது, அவ்வளவுதான். ஆனாலும் 2,520 என்று படித்தவன் 2,100 என்று படித்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிப் பாதி அந்த 4,800-இல் தங்கிவிட்டது. ‘முழுசா எடுக்கல, கொஞ்சம் எடுத்திருக்கான்’ என்று ஒரு புது வடிவம் எடுத்தது. ஒருவருக்கு 12 ரூபாய்க்காகவா என்று கேட்டால், தொகை முக்கியமில்லை அண்ணா என்றார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மார்ச் வரை

அவர் ஆறாம் நாள் திரும்பி வந்தார். செயலர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். இருக்கச் சொல்லிக் கெஞ்சலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். அவர் இருந்தால் நாங்கள் ஜெயித்த மாதிரி இருக்கும் என்ற ஆசை அதில் இருந்தது. ஆலோசகர் தெளிவாகச் சொன்னார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்காதீர்கள். விலகலை ஏற்றுக்கொண்டோம். அறைத்தோழரும் ஒரு மாடிப் பிரதிநிதியும் மாறி மாறி அவரோடு மெஸ்ஸுக்குப் போனார்கள். முதல் வாரம் அவர் உட்கார்ந்த மேஜையில் இடம் காலியாகவே இருந்தது. மூன்றாவது வாரம் யாரோ வந்து ஊறுகாய் கேட்டிருக்கிறார். அறைத்தோழர் அதை எனக்கு போன் போட்டுச் சொன்னார். அந்த செமஸ்டரில் அவருக்கு ஒரு அரியர் விழுந்தது.

இதற்கிடையே சில ஏற்பாடுகள் செய்தோம். மாதக் கடைசி நாளில் சரக்கை எண்ணும்போது பிரதிநிதி அல்லாத ஒரு மாணவர் கூட இருக்க வேண்டும். பில் நோட்டீஸில் மளிகை, காய்கறி, பால், கேஸ், சம்பளம், ரிடக்‌ஷன் நாள் எல்லாம் தனித்தனி வரி. ரொக்கம் எடுத்துக்கொண்டு தனியாக மார்க்கெட் போகக் கூடாது, துண்டுச் சீட்டை அங்கேயே போனில் படம் எடுத்து அன்றைக்கே குழுவில் போட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் நன்றாக ஓடியது, ஏனென்றால் அதற்கு யாரும் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை. சரக்கு எண்ண வெளி மாணவர் பிப்ரவரியில் வந்தார், மார்ச்சில் வந்தார், ஏப்ரலில் பரீட்சை என்று சொல்லி ஆளே இல்லை. அன்றைக்கு ஹாலில் நின்ற நூறு பேரில் ஒருவர்கூட.

செயலரை மெஸ் மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் மெஸ் செயலர்களுக்கு மட்டும் ஒத்துக்கொண்டது, மாடிப் பிரதிநிதிகள் பழையபடி நியமனம்தான்.

சங்கத்தைப் பற்றிய முடிவுகள்தான் கஷ்டமாக இருந்தன. கணக்கைப் பார்க்காமல் ஆதரவு அறிக்கை இல்லை என்று எழுதினோம். ஒரு பிரதிநிதி மீது புகார் வந்தால் அன்றைக்கே இரண்டு பேர் பிரிய வேண்டும், ஒருவர் புகாரைப் பார்க்க, இன்னொருவர் ஆளைப் பார்க்க. இரண்டையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது. நான் இரண்டையும் பார்த்தேன். அதனால்தான் அவர் மூன்று நாள் பன் தின்றதை எனக்கு அறைத்தோழர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன்

புதிய பிரதிநிதிகளுக்குப் பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் வந்து மெஸ் கணக்கைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று அவரிடம் கேட்டோம். வரவில்லை. நல்லபடியாகவே மறுத்தார். தன்னுடைய கணக்கு நோட்டை மட்டும் அறைத்தோழரிடம் கொடுத்தனுப்பினார்.

நோட்டைப் புரட்டிக்கொண்டே போனபோது பொங்கல் வாரம் வந்தது. பென்சிலில், அதே அழகான கையெழுத்தில், ஒவ்வொரு நாளும் என்ன காய், எத்தனை கிலோ, என்ன விலை, எந்த மண்டி என்று எழுதியிருந்தது. கத்தரிக்காய், சக்கரவள்ளி, மொச்சை, வாழைத்தார், கீரைக் கட்டு எண்ணிக்கைகூட. நகல் கிடைத்த மண்டியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினோம். 3,950 வந்தது. ஆட்டோ வாடகையும் இறக்குக் கூலியும் அதில் இல்லை.

போன் போட்டேன். இதை ஏன் அப்பவே காட்டலை என்று கேட்டேன்.

“நீங்கதான அண்ணா ஒண்ணும் பேச வேண்டாம்னு சொன்னீங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. “அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு போறப்ப நோட்டு பையிலதான் இருந்தது.”

ஜூலை முதல் வாரம் நோட்டின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, மீதி 850 ரூபாய்க்கு எழுத்து எதுவும் இல்லை என்பதையும் கீழே எழுதி, மூன்றாம் பிளாக் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். இறுதியாண்டு மாணவர்கள் அதற்குள் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். புதிதாக பிளாக்குக்கு வந்தவர்கள் இரண்டொருவர் நின்று படித்துவிட்டு, சக்கரவள்ளி இவ்வளவு விலையா என்று பேசிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.